டோலன் மாவட்டத்தின் பத்தரை மணி

ஒன்பதாம் சேனலில் செய்தி வாசிக்க வந்த இருபத்தாறு வருடத்தில் டெல்மர் ஷைபில் எந்த நேரத்தையும் ஒற்றையாகச் சொன்னதில்லை. மாட்டுச் சந்தை காலை ஒன்பது மணிக்கு என்றால், "இங்க ஒம்பது, ஆத்துக்கு அந்தப் பக்கம் எட்டு" என்பார். பனிப்புயல் ஆறு மணிக்கு வந்து தொடும் என்றால், "அந்தப் பக்கம் அஞ்சு" என்று ஒரு வாலைச் சேர்ப்பார். எல்லாம் மிசௌரி ஆற்றால் வந்த வினை. கிழக்குக் கரையில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். பாலத்தைத் தாண்டினால் ஒரு மணி நேரம் பின்னால். பாலத்தின் நடுவில் நிற்கிறவனுக்கு மணி என்ன என்று எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கேட்பார்கள். பெரியவர்கள் யாரும் அதற்கு பதில் சொன்னதாக நினைவில்லை.

சேனல் கிழக்குக் கரையில் ஹெய்டல் ஊரில், தீவன ஆலைக்குப் பின்னால் இருந்தது. மொத்தம் பதின்மூன்று பேர் வேலை. பகலில் முக்கால்வாசி நேரம் நியூயார்க்கில் இருக்கும் பெரிய நிறுவனம் அனுப்புவதை வாங்கி அப்படியே விடுவதுதான் பிழைப்பு. காலையிலும் மதியத்திலும் மாலையிலும் கொஞ்ச நேரம் மட்டும் எங்களுடையது. அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் இரண்டு கரையிலும் சேனலைப் பார்த்தார்கள். எந்தப் பள்ளிக்கூடம் பனிக்காக மூடியிருக்கிறது, கோதுமை என்ன விலை, யார் வீட்டு நாய் காணவில்லை, யார் செத்தார்கள், எப்போது அடக்கம். நியூயார்க்குக்காரி "இன்றிரவு எட்டு மணிக்கு, நடுநாட்டில் ஏழு மணிக்கு" என்று இரண்டு நேரத்தைச் சொல்லிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போய்விடுவாள். மேற்குக் கரைக்காரனுக்கு அது ஆறு மணி என்று சொல்ல டெல்மர்தான் வரவேண்டும். அவர் முதுகுக்குப் பின்னால் சுவரில் இரண்டு பெரிய கடிகாரம் மாட்டியிருந்தது, கரைக்கு ஒன்றாக.

இந்த ஏற்பாட்டில் யாருக்கும் குறை இல்லை, எர்வின் ஹாஃப்னரைத் தவிர. எர்வின் மேற்குக் கரையில் டோலன் மாவட்டக் குழுவில் உறுப்பினர். ஐந்நூறு மாடு வைத்திருந்தார், பேச்சு குறைவு, ஒன்றைப் பிடித்தால் விடமாட்டார். ஆஸ்பத்திரி கிழக்குக் கரையில், கடை கிழக்குக் கரையில், பிள்ளைகள் வேலை பார்ப்பது கிழக்குக் கரையில், நேரம் மட்டும் எதற்கு மேற்குக் கரையில் என்று ஒரு கூட்டம் விடாமல் கேட்டார். கடைசியில் மூன்றுக்கு இரண்டு என்று ஓட்டு விழுந்தது. அந்த மூன்றாவது ஓட்டு எர்வினுடையது. மனு வாஷிங்டன் போனது, சம்மதமும் வந்தது. மேற்குக் கரையில் டோலன் மாவட்டம் மட்டும் இனிமேல் கிழக்குக் கரை நேரம். மற்ற மாவட்டங்கள் பழையபடி.

டோலன் இரண்டாகப் பிளந்துபோனது. பாதிப் பேர் சரி என்றார்கள். பாதிப் பேர், என் பாட்டன் எழுந்த நேரத்துக்குத்தான் நானும் எழுவேன், எர்வின் யார் எனக்குச் சொல்ல என்றார்கள். ஓட்டு விழுந்த அன்று மாலை டெல்மர் செய்தியை ஒழுங்காகத்தான் வாசித்தார். வாசித்து முடித்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருக்க முடியாத ஆள். "டோலன்ல இனிமே சேவல் கூவணும்னாலும் எர்வின்கிட்ட அனுமதி வாங்கணும் போல" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார்.

அவ்வளவுதான். மறுநாள் தீவனக் கடையில் எர்வின் நுழைந்தபோது நாலு பேர் கூவினார்கள். தேவாலயத்தில் பக்கத்து இருக்கைகள் காலியாக இருந்தன. யாரோ அவர் வீட்டு வாசல் கதவில் சிவப்பு வண்ணத்தில் சேவல் வரைந்துவிட்டுப் போனார்கள். எர்வின் அதை அழிக்கவும் இல்லை, யாரென்று விசாரிக்கவும் இல்லை. டெல்மருக்கு இதெல்லாம் காதில் விழுந்தது. ஒரு நாள் போய்ப் பார்த்துப் பேச வேண்டும் என்று எட்டு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தார். நினைத்துக்கொண்டே இருந்தார்.

அக்டோபர் கடைசி வியாழக்கிழமை எர்வின் மாட்டுப் பட்டியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது.

சனிக்கிழமை மதியம் அவர் மனைவி ஆல்வீனா நேராகச் சேனலுக்கே வந்தாள். எழுபது வயது, மெலிந்த உடம்பு. தலைமுடி புற்றுநோய் வைத்தியத்தில் கொட்டி, இப்போதுதான் பஞ்சு மாதிரி திரும்ப வளர்ந்துகொண்டிருந்தது. கையில் ஒரு தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"இதை நீயே வாசிக்கணும் டெல்மர். செய்தி வாசிக்கிற அந்தச் சின்னப் பொண்ணுகிட்ட குடுக்காத."

"நானே வாசிக்கிறேன், ஆல்வீனா. எனக்கு ரொம்ப வருத்தம். நான் அன்னிக்கு—"

"வருத்தமெல்லாம் இருக்கட்டும். நீ ஒரு வார்த்தை சொன்ன, ஊரே சிரிச்சுது. நீ சொன்னா கேக்குறாங்க, இல்ல? இப்ப அவங்கள வரச் சொல்லு. ஆலயத்துல இருநூறு பேர் உக்காரலாம். நான் இருநூறு கேக்கல. ஒரு நாப்பது பேர் வந்தாப் போதும். யாருமே வராம அந்த மனுஷனை மண்ணுல வைக்கக் கூடாது."

"வருவாங்க. நான் பாத்துக்கிறேன்" என்றார். ஆல்வீனா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். தாளை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். தாளில் சுத்தமாக எழுதியிருந்தது: திங்கள் காலை பத்தரை மணி, சீயோன் லூத்தரன் ஆலயம், டோலன்.

இனிமேல்தான் குழப்பம். பொறுமையாகக் கேட்க வேண்டும்.

நவம்பர் முதல் ஞாயிறு நாடு முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்புகிற நாள். டோலனின் நேர மாற்றம் நடப்புக்கு வருவதும் அதே ஞாயிறுதான். எல்லாரும் பின்னால் திருப்புவார்கள். டோலன்காரர்கள் மட்டும் கடிகாரத்தைத் தொடாமல் விட்டுவிட வேண்டும். கிழக்குக் கரை ஒரு மணி நேரம் இறங்கி வந்து டோலனோடு சேர்ந்துகொள்ளும். ஒன்றுமே செய்யாமல் இருப்பதுதான் டோலன் செய்ய வேண்டிய வேலை. சனிக்கிழமை மாலை டெல்மர் இதை நாலு நிமிடம் படம் போட்டு விளக்கினார். பிரமாதமாக விளக்கினார். கேமரா விளக்கு அணைந்ததும் கட்டுப்பாட்டு அறையிலிருந்து ட்ரூடி தலையை நீட்டினாள். ஒளிபரப்பை ஓட்டுகிறவள் அவள்தான். டெல்மரோடு பதினெட்டு வருடம்.

"உனக்குப் புரிஞ்சுதா, டெல்மர்?"

"புரியாமலா சொன்னேன்?"

"பதினெட்டு வருஷமா பாக்குறேன். புரியணும்னு ஒண்ணும் அவசியமில்ல உனக்கு."

ஞாயிறு காலை டெல்மர் நாற்காலி போட்டு ஏறிச் சுவர்க் கடிகாரங்களை ஒவ்வொன்றாகப் பின்னால் திருப்பினார். கிழக்குக் கடிகாரம், சரி. மேற்குக் கடிகாரத்தில் கை வைத்ததும் தயங்கினார். டோலனுக்குத் திருப்பக் கூடாது. ஆனால் டோலனுக்கு அப்பால் இருக்கிற மாவட்டங்களுக்குத் திருப்ப வேண்டும். அப்படியானால் இது யாருடைய கடிகாரம்? நாற்காலி மேல் நின்றபடியே ட்ரூடியைக் கேட்டார். "திருப்பு. டோலன்தான் இனிமே நம்ம பக்கமாச்சே" என்றாள். திருப்பினார். இறங்கினார். சுவரில் வழக்கம் போல ஒரு மணி நேர வித்தியாசத்தில் இரண்டு கடிகாரமும் ஓடின.

ஞாயிறு மாலை. நியூயார்க்கிலிருந்து வந்த கால்பந்து ஆட்டம் இழுத்துக்கொண்டே போனதால் செய்தி இருபது நிமிடம் தாமதமாக ஆரம்பித்தது. எர்வின் அடக்கத்தை டெல்மர் கடைசியாக வைத்திருந்தார். தாளைக் கையில் எடுத்தார். கேமராவைப் பார்த்தார்.

"எர்வின் ஹாஃப்னர் நமக்கெல்லாம் அண்டை வீட்டுக்காரர் மாதிரி. அவரைப் பத்தி நான் இந்த நாற்காலியில உக்காந்து ஒரு கேலி பண்ணினேன். அது தப்பு. அவர் உயிரோட இருக்கும்போதே அதைச் சொல்லியிருக்கணும், சொல்லல. நாளைக்கு அவரை அடக்கம் பண்றாங்க. நான் போறேன். அவரோட ஒத்துப்போனவங்களும் வாங்க, ஒத்துப்போகாதவங்களும் வாங்க. சீயோன் லூத்தரன் ஆலயம், டோலன். டோலன் நேரம் காலை பத்தரை, நமக்குப் பதினொண்ணரை."

குரல் உடைந்தது. எங்கள் ஆட்கள் அதையெல்லாம் வெளியே காட்டுகிறவர்கள் இல்லை. ஆனாலும் அன்று இரண்டு கரையிலும் பல வீடுகளில் சாப்பாட்டு மேசையில் கரண்டியைக் கீழே வைத்தார்கள். போகத்தான் வேண்டும் என்று தீர்மானித்தார்கள். தீவனக் கடையில் கூவிய நாலு பேரும்கூட.

கடைசி வாக்கியத்தில் என்ன சொன்னோம் என்று டெல்மருக்கே தெரியாது. இருபத்தாறு வருடமாகப் பழகிய நாக்கு. மனசு எர்வினிடம் இருந்தது, நாக்கு தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டது. ட்ரூடி கால்பந்தால் தவறிய விளம்பரங்களை எங்கே செருகுவது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாள். அவளும் கவனிக்கவில்லை.

கேட்டவர்கள் என்ன செய்தார்கள்? கிழக்குக் கரைக்காரன் பதினொன்றரை என்று குறித்துக்கொண்டான், அவனுக்கு அதில் சந்தேகமே இல்லை. டோலனில் புது நேரத்தை ஏற்றுக்கொண்டவன் கொஞ்சம் யோசித்தான். நாம் இப்போது ஒன்பதாம் சேனல் நேரத்தில் இருக்கிறோம். பத்தரை என்று டெல்மர் சொன்னது நம் பழைய நேரத்தை. ஆகவே நமக்கும் பதினொன்றரை என்று கெட்டிக்காரத்தனமாகக் கணக்குப் போட்டான். புது நேரத்தை ஏற்காத முரடன் ஞாயிறு காலையே வீம்புக்குக் கடிகாரத்தைப் பின்னால் திருப்பிவிட்டிருந்தான். அவன் கடிகாரத்தில் பத்தரை ஆகும்போது ஊருக்குப் பதினொன்றரை. மூன்று பேரும் மூன்று வழியில் போய் ஒரே குழியில் விழுந்தார்கள். சந்தேகம் வந்த ஒன்றிரண்டு பேரும் ஆல்வீனாவைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று போன் செய்யவில்லை. சாவு வீட்டுக்குப் போன் செய்து மணி கேட்பது எங்கள் பக்கம் மரியாதை இல்லை.

திங்கள் காலை டெல்மர் கறுப்புக் கோட்டுப் போட்டு, பூட்ஸுக்கு மெருகு போட்டு, சேனலில் மதியச் செய்தியை எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பத் தயாரானார். டோலன் ஆலயத்துக்கு அரை மணி நேரப் பயணம். பத்து நாற்பது. தொப்பியை எடுக்கும்போது போன் அடித்தது. டோலன் ஆலயத்தின் போதகர் லின்ட்.

"டெல்மர், பாலத்துல ஏதாச்சும் விபத்தா? வழிய மூடிட்டாங்களா?"

"இல்லையே. ஏன்?"

"இங்க யாரும் வரல."

"வருவாங்க போதகரே. இன்னும் அம்பது நிமிஷம் இருக்கே."



"எதுக்கு அம்பது நிமிஷம்?" என்றார் போதகர்.

"அடக்கத்துக்கு. பத்தரைக்குத்தானே?"

"பத்தரைக்குத்தான். இப்ப பத்து நாப்பது."

"இங்கயும் பத்து நாப்பதுதான்."

"பின்ன?"

டெல்மர் திரும்பிச் சுவரைப் பார்த்தார். கிழக்குக் கடிகாரம் பத்து நாற்பது. மேற்குக் கடிகாரம் ஒன்பது நாற்பது. டோலன் மேற்கில் இருக்கிறது. ஆகவே அங்கே ஒன்பது நாற்பதுதான் ஆகியிருக்க வேண்டும். ஆனால் போதகர் டோலனில் இருந்துகொண்டு பத்து நாற்பது என்கிறார். போதகர் பொய் சொல்ல மாட்டார். ஒன்பது நாற்பதாகவே இருந்தாலும் பத்தரைக்கு ஐம்பது நிமிடம். பதினொன்றரைக்கும் ஐம்பது நிமிடம். எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது? தலை கிறுகிறுத்தது. விரலை நீட்டி ஒவ்வொரு கடிகாரமாகத் தொட்டுத் தொட்டு எண்ணினார், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி. டோலன் இப்போது கிழக்கு. கிழக்கில் பத்தரை என்றால் கிழக்கில் பத்தரைதான். பிறகு பதினொன்றரை எங்கிருந்து வந்தது?

"ட்ரூடி, நேத்து நான் என்ன சொன்னேன்?"

ட்ரூடி நேற்றைய பதிவை ஓட்டினாள். டோலன் நேரம் பத்தரை, நமக்குப் பதினொண்ணரை. இரண்டு பேரும் கேட்டார்கள். ட்ரூடி கையை வாயில் வைத்துக்கொண்டாள்.

டெல்மர் போனை மறுபடி எடுத்தார். "போதகரே, தப்பு என்னுது. நேரத்தை மாத்திச் சொல்லிட்டேன். எல்லாரும் பதினொண்ணரைக்கு வருவாங்க. ஆல்வீனாகிட்ட சொல்லுங்க. காத்திருக்கச் சொல்லுங்க."

"அந்தம்மா பெட்டிக்குப் பக்கத்துல ஒக்காந்திருக்காங்க. அரை மணி நேரம் தனியா விடச் சொல்லிட்டாங்க. யாரும் கிட்டப் போகக் கூடாதாம். பெட்டி தூக்குறதுக்கு வந்த ஆறு பேரும் நானும் மட்டும்தான் இருக்கோம். நான் போய்ச் சொல்லிப் பாக்குறேன். ஆனா அவங்க முகத்தைப் பாத்தா..." போதகர் முடிக்காமல் போனை வைத்துவிட்டார்.

டெல்மர் ட்ரூடியிடம் ஓடினார். "உடனே என்னைத் திரையில போடு."

"நியூயார்க் நேரடி ஒளிபரப்பு ஓடுது. நடுவுல புகுந்தா நம்மள உரிச்சுடுவாங்க. புயலா, வெள்ளமா? ஒரு காரணம் வேணும்ல?"

"நான்தான் காரணம். போடு."

ட்ரூடி போட்டாள். நியூயார்க்கில் ஒருத்தி பூசணிக்காய் சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். அவளைப் பாதியில் வெட்டிவிட்டு இரண்டு கரையிலும் டெல்மர் முகம் வந்தது, கையில் தொப்பியோடு.

"எர்வின் ஹாஃப்னர் அடக்கம் பதினொண்ணரைக்குன்னு நேத்து சொன்னேன். அது தப்பு. பத்தரைக்கு. அதாவது... இப்ப பத்து அம்பது. பத்தரை முடிஞ்சுபோச்சு. ஆனா அடக்கம் முடியல. நீங்க பதினொண்ணரைக்குன்னு நெனச்சிருந்தா, அது உண்மையில பத்தரை. பத்தரைக்குன்னு சரியா நெனச்சிருந்தா நீங்க இப்ப அங்க இருப்பீங்க, இதைப் பாத்துக்கிட்டிருக்க மாட்டீங்க." அவருக்கே மூச்சு முட்டியது. "கடிகாரத்தைப் பாக்காதீங்க. யார் கடிகாரத்தையும் நம்பாதீங்க. இப்பவே வண்டிய எடுங்க. தயவு செஞ்சு."

அடக்கத்துக்குப் போக வேண்டியவர்கள் எல்லாம் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுக் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தார்கள், அல்லது ஏற்கனவே வண்டியில் இருந்தார்கள். ஆகவே இதைப் பார்த்தது அடக்கத்துக்குப் போகாதவர்கள் மட்டும். போன்கள் அலறின. சூப்புக்கு எத்தனை கரண்டி வெண்ணெய் என்று தெரியாமல் போய்விட்டது என்று ஒருத்தி திட்டினாள். "நான் காலையில சாப்பிட்ட மாத்திரைய எந்த நேரத்துக்குச் சாப்பிட்டேன்?" என்று ஒரு கிழவர் கவலையோடு கேட்டார். ட்ரூடி அவருக்கு பதில் சொல்லும்போது டெல்மர் வண்டியைக் கிளப்பிவிட்டார்.

பாலத்திலேயே மாட்டிக்கொண்டார். முன்னால் இருபது முப்பது வண்டி, பகலிலேயே முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு, ஊர்வலம் மாதிரி நிதானமாகப் போனது. எல்லாம் அடக்கத்துக்குப் போகிற வண்டிகள். வருகிறார்கள், உண்மையிலேயே வருகிறார்கள்! நேரம் இருக்கிறதே என்று யாரும் அவசரப்படவில்லை. டெல்மர் ஹார்னை அழுத்தினார். அடக்க வரிசையில் ஹார்ன் அடிக்கிறவனை எங்கள் ஊரில் மனுஷனாகவே சேர்க்க மாட்டார்கள். அவர் அடித்துக்கொண்டே வரிசையைத் தாண்டினார். ஒவ்வொரு வண்டியின் ஜன்னல் பக்கமும் போய், "சீக்கிரம், சீக்கிரம்!" என்று கையை ஆட்டிக் கத்தினார். உள்ளே இருந்தவர்கள் டெல்மரைப் பார்த்த சந்தோஷத்தில் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் சொன்னார்கள். கூவியவர்களில் ஒருவன் தொப்பியைக்கூடத் தூக்கினான்.

ஆலயத்தை அடைந்தபோது பதினொன்று இருபத்தைந்து. உள்ளே யாரும் இல்லை. பின்னாலிருந்த கல்லறைத் தோட்டத்தில் காற்று வீசியது. குழியின் ஓரத்தில் ஆறு பேரும், போதகரும், நடுவில் கறுப்புக் குடை மாதிரி ஒடுங்கி ஆல்வீனாவும் நின்றிருந்தார்கள். பெட்டி கயிற்றில் இறங்கிக்கொண்டிருந்தது.

"நான் சொன்னேன்" என்று போதகர் டெல்மர் காதில் கிசுகிசுத்தார். "ரெண்டு தடவை போய்ச் சொன்னேன், வருவாங்கன்னு. என் முகத்தைக்கூடப் பாக்கல. ஆறுதலுக்குச் சொல்றேன்னு நெனச்சுட்டாங்க. பதினொண்ணு அஞ்சுக்கு, பெட்டிய மூடுங்க, ஆரம்பிங்கன்னுட்டாங்க."

அப்போதுதான் மேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வண்டிகள் வர ஆரம்பித்தன. விளக்குப் போட்டபடி ஒன்றன் பின் ஒன்றாக வந்து, ஆலயத்தின் முன்னால் இடம் போதாமல், வேலி ஓரத்தில், வயல் விளிம்பில் நின்றன. கதவு திறந்து மூடுகிற சத்தம் நிற்கவே இல்லை. நல்ல உடுப்புப் போட்ட ஜனங்கள் இறங்கினார்கள். குழியையும் கயிற்றையும் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்கள். தங்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். பக்கத்து ஆளின் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். "நாம தாமதமா, அவங்க சீக்கிரமா?" என்று ஒரு பெண் புருஷனைக் கேட்டாள். அவன் "ஷ்" என்றான். இருநூறு பேருக்கு மேல் இருக்கும்.

ஆல்வீனா திரும்பிப் பார்த்தாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவள் முகத்தில் சந்தோஷமா, கோபமா, ஒன்றும் பிடிபடவில்லை. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. போதகர் என்ன செய்வதென்று தெரியாமல் புத்தகத்தை மறுபடி திறந்து, முதலிலிருந்து ஜெபத்தை வாசித்தார். இருநூறு பேர் காற்றில் நின்று ஆமென் சொன்னார்கள்.

பிறகு ஆலயத்தின் நிலவறைக் கூடத்தில் சாப்பாடு. பன்னும் பன்றித் தொடைக்கறியும், உருளைக்கிழங்கும் கறியும் சேர்த்து வேகவைத்த தட்டுகளும், பழம் வைத்த கேக்கும், தண்ணீர் மாதிரி காப்பியும். நாற்பது பேருக்கு என்று செய்தது. வந்தவர்கள் கொண்டுவந்ததை வைத்ததும் மேசை கொள்ளவில்லை. எல்லாரும் வரிசையில் வந்து ஆல்வீனாவின் கையைப் பிடித்தார்கள். நல்ல மனுஷன் என்றார்கள். சேவல் மாதிரி கூவியவர்களில் ஒருவன் அழுதுவிட்டான். அவள் எல்லாருக்கும் தலையசைத்தாள்.

டெல்மர் கடைசியில் நின்றார். முறை வந்ததும் அவள் கையைப் பிடித்தார்.

"எல்லாம் என்னாலதான், ஆல்வீனா. இன்னிக்குச் சாயங்காலம் சேனல்ல சொல்றேன். நான்தான் நேரத்தை மாத்திச் சொன்னேன், ஜனங்க வராம இல்ல, அவங்க மேல தப்பில்லன்னு. நாளைக்கும் சொல்றேன். ஒரு வாரம் வேணும்னாலும் சொல்றேன்."

"தெரியும். போதகர் சொன்னாரு. நான்தான் நம்பல." அவள் குரல் தாழ்ந்திருந்தது. "ஜனங்க வந்தது சரி. நீ சொன்ன மாதிரியே வரவெச்சுட்ட. அதுல ஒனக்கு நன்றி சொல்லணும்."

"நன்றியெல்லாம் வேண்டாம்."

"பத்தரைலேர்ந்து பதினொண்ணு அஞ்சு வரைக்கும் நான் அவரு பக்கத்துல தனியா உக்காந்திருந்தேன். பெட்டி தொறந்திருந்துச்சு. வெளிய ஒரு வண்டிச் சத்தம் கேக்குமான்னு காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். ஒண்ணும் கேக்கல. எனக்கு ஆத்திரம் வந்துச்சு, டெல்மர். ஊர் மேல இல்ல. அவரு மேல."

கூடத்துச் சத்தத்தில் சரியாகக் கேட்க டெல்மர் குனிந்தார்.

"என்னைய ஊசி போடக் கூட்டிட்டுப் போறப்ப, ரெண்டு கரை நேரமும் குழம்பி ஒரு மணி நேரம் தாமதமாயிடுச்சுன்னு, ஒரு தடவை அந்த ஆஸ்பத்திரியில எங்கள திருப்பி அனுப்பிட்டாங்க. அன்னிக்குப் பிடிச்சாரு அந்தப் பிடிவாதத்தை. எனக்குத் தெரியும் அது. தெரிஞ்சும் சொன்னேன். அவரு முகத்தைப் பாத்துச் சொன்னேன். 'பாத்தியா, ஒருத்தனும் வரல. ஒன் பிடிவாதத்துக்கு ஊரே ஒன்னைக் காறித் துப்பிடுச்சு. என்னையும் சேத்துத் தனியாக்கிட்டுப் போற. ஒன்னைக் கட்டினதுக்கு எனக்கு இதுதான் மிச்சம்.' இதைச் சொல்லிட்டு, பெட்டிய மூடுங்கன்னேன். அம்பது வருஷத்துல அவருகிட்ட நான் கடைசியாப் பேசினது அதுதான்."

பின்னால் யாரோ காப்பிக் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு, போதுமா போதுமா என்று கேட்டபடி போனார்கள். கூடம் நிறைய ஜனம், ஒரே பேச்சு, தட்டுச் சத்தம். ஆல்வீனா அதையெல்லாம் ஒரு தடவை சுற்றிப் பார்த்தாள்.

"எல்லாரும் வந்துட்டாங்க" என்றாள். "இதை அவருகிட்ட இப்ப யார் போய்ச் சொல்றது?"

டெல்மர் தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவள் முன்னால் நின்றார்.